மூன்று மாதத்திலிருந்து நான்கு இரவுக்கு: நைல் சுற்றுலா சுருங்கிய வரலாறு

இன்று எகிப்துக்குச் சுற்றுலா செல்பவர் பெரும்பாலும் கெய்ரோவில் இறங்கி, கீசா பிரமிடுகளைப் பார்த்துவிட்டு, உள்நாட்டு விமானத்தில் லக்ஸருக்கோ அஸ்வானுக்கோ போகிறார். அங்கே கப்பலேறி மூன்று அல்லது நான்கு இரவுகளை நைலில் கழிக்கிறார். 150 ஆண்டுகளுக்கு முன் இதே பயணம் கெய்ரோவின் படகுத்துறையில் தொடங்கி இரண்டு மூன்று மாதம் நீடித்தது. போக்குவரத்து வேகமானதால் நாள் குறைந்தது என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. பயணி எந்தச் சின்னங்களைக் காண்கிறார், எந்த வரிசையில் காண்கிறார் என்பதும் சேர்ந்தே மாறியிருக்கிறது. காற்று, நீராவி, அணை, வன்முறை ஆகிய நான்கும் அந்த வரிசையை எப்படி மாற்றின என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

நைல் தெற்கிலிருந்து வடக்கே பாய்கிறது. காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசுகிறது. பாயை விரித்தால் ஆற்றின் மேல்நோக்கிப் போகலாம், சுருட்டினால் ஓட்டத்தோடு இறங்கலாம். அஸ்வானில் வெட்டிய கிரானைட் கற்கள் கீசா வரை வந்தது இந்த ஓட்டத்தில்தான். தமிழகத்தோடும் இவ்வாற்றுக்கு உறவு உண்டு. பெரெனிகே, குசைர் அல்-கதீம் என்னும் செங்கடல் துறைகளில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. அத்துறைகளில் இறங்கிய மிளகு ஒட்டகங்களின் மீது பாலைவனம் கடந்து, கோப்டோஸ் என்ற ஆற்றங்கரை ஊரை அடைந்து, படகில் அலெக்சாந்திரியாவுக்குப் போனது. லக்ஸரிலிருந்து டெண்டேரா கோயிலுக்குச் செல்லும் கப்பல்கள் இன்றும் அவ்வூரைக் கடந்தே போகின்றன.

1798இல் நெப்போலியனின் படையோடு வந்த விவான் தெனோன் 1802இல் வெளியிட்ட பயண நூல், மேல் எகிப்தின் கோயில்களை ஐரோப்பியர் கண்முன் நிறுத்தியது. 1822இல் ஷாம்போலியோன் சித்திர எழுத்தின் புதிரை அவிழ்த்தார். அடுத்த இருபதாண்டுகளில் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குப் போகும் தபாலும் பயணிகளும் எகிப்தின் வழியே செல்லத் தொடங்கின. 1842 முதல் கல்கத்தாவிலிருந்து சென்னை, இலங்கையின் காலி வழியாகச் சூயஸுக்கு நீராவிக் கப்பல்கள் ஓடின. கெய்ரோவில் சில நாள் தங்க நேர்ந்தவர்களுக்கு நைல் எட்டும் தூரத்தில் இருந்தது.

அக்காலப் பயணி தஹபியா என்னும் பாய்மரப் படகை மொத்தமாக வாடகைக்குப் பிடிப்பார். படகுத் தலைவரான ரயீஸோடும், மொழிபெயர்ப்பாளராகவும் மேலாளராகவும் இருந்த டிராகோமனோடும் ஒப்பந்தம் எழுதிக்கொள்வார். எலிகளையும் பூச்சிகளையும் ஒழிக்கப் படகை ஒருமுறை நீரில் மூழ்கடித்து எடுத்துவிட்டு ஏறுங்கள் என்று எழுதியவர் வில்கின்சன். அவர் எகிப்தியலில் தேர்ந்த அறிஞர். வடகாற்று கிடைக்கும்போதே விரைந்து தெற்கே போய்விட வேண்டும், கோயில்களைத் திரும்பும் வழியில் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். நல்ல காற்றை விட்டுவிட்டு ஒரு கல்லறைக்காகக் கரையில் நிற்க எந்த ரயீஸும் இசைய மாட்டார்.

1873-74இல் இப்படிப் பயணம் செய்த அமேலியா எட்வர்ட்ஸ் இந்த வழக்கத்தின் குறையைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். எகிப்தின் மிகப் பழைய சின்னங்கள் வடக்கே இருக்கின்றன. தெற்கே போகப் போகக் காலம் பின்னதாகிறது. ஆகவே திரும்பும் வழியில் பார்ப்பவர் வரலாற்றைத் தலைகீழாகப் பார்க்கிறார். இதில் விலக்குகள் உண்டு, என்றாலும் பொதுப்போக்கை அவர் சரியாகவே கண்டார். அவருக்கு நேரம் இருந்தது. தெற்கே அபு சிம்பல் கோயிலில் வாரக்கணக்கில் தங்கினார். முன்பு ஒருவர் அச்செடுத்தபோது ராம்சேஸ் சிலையின் முகத்தில் வெண்சாந்து ஒட்டியிருந்தது. எட்வர்ட்ஸின் மாலுமிகள் துடுப்புகளையும் கழிகளையும் கட்டிச் சாரம் அமைத்து ஏறி, அந்தச் சாந்தைச் சுரண்டி எடுத்தார்கள். எஞ்சிய வெண்கறைகள் கல்லின் நிறத்தோடு கலக்கும்படி காப்பி டிகாக்‌ஷனைப் பூசினார்கள். இன்றைய பாதுகாப்பு நெறி இதை ஏற்காது. ஆனாலும் ஒரு சிலையின் முகத்தை அத்தனை நாள் அருகிலிருந்து பார்த்தவர்தான், 1882இல் எகிப்து அகழாய்வு நிதியத்தைத் தொடங்கியவர்களுள் முன்னின்றார்.

தாமஸ் குக் 1869இல் தம் முதல் குழுவை நைலுக்கு அழைத்து வந்தார். அடுத்த ஆண்டே அவர் மகன் ஜான் மேசன் குக், எகிப்திய ஆட்சியாளரான கெதிவின் நீராவிக் கப்பல்களுக்குப் பயணிகளைச் சேர்க்கும் முகவரானார். 1884-85இல் சூடானின் கார்ட்டூமில் முற்றுகையில் சிக்கிய தளபதி கார்டனை மீட்கச் சென்ற பிரிட்டிஷ் படையை ஏற்றிச் சென்றதில் அக்கப்பல்கள் தேய்ந்துபோக, குக் நிறுவனம் சொந்தக் கப்பல்களைக் கட்டியது. கெய்ரோவிலிருந்து அஸ்வான் போய்த் திரும்ப ஏறத்தாழ மூன்று வாரம் போதும். சாப்பாடு, கழுதைச் சவாரி, வழிகாட்டி எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கின. அதுவரை காற்று வகுத்த நிகழ்ச்சிநிரலை இனி அச்சிட்ட கால அட்டவணை வகுத்தது. லக்ஸரின் கர்னாக் கோயிலில் எத்தனை மணி நேரம் நிற்கலாம் என்பது இலண்டனிலேயே முடிவானது. 1898இல் ரயில் லக்ஸரை எட்டியபின் ஆறு ஒன்றே வழி என்ற நிலையும் போயிற்று.

பார்க்கப்பட்ட கோயில்களும் இக்காலத்தில் உருமாறின. எட்ஃபு கோயிலின் கூரைமேல் ஊரே குடியிருந்தது. 1860களில் தொல்லியலாளர் மரியெட் அதை அகற்றி மண்ணை அள்ளினார். லக்ஸர் கோயிலில் 1880களில் அவருக்குப் பின்வந்த மாஸ்பெரோ அவ்வேலையைத் தொடங்கினார். அங்கே அபூ ஹக்காக் பள்ளிவாசலை மட்டும் தொடாமல் விட்டார்கள். அதன் பழைய வாசல் முற்றத்துக்கு மேலே உயரத்தில் இருப்பதை இன்றும் காணலாம். மண் எவ்வளவு உயரம் மேடிட்டிருந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான அளவுகோல் அங்கே இல்லை.

அணைகள் ஆற்றையே துண்டாக்கின. 1902இல் முடிந்த பழைய அஸ்வான் அணை குளிர்காலத்தில், அதாவது பயணிகள் கூடும் பருவத்தில், ஃபிலே கோயிலை நீரில் ஆழ்த்தியது; தூண்களுக்கிடையே படகில் போய்த்தான் அதைப் பார்த்தார்கள். அகதா கிறிஸ்டி 1937இல் வெளியிட்ட நைல் நாவலின் கப்பல் ஷெல்லாலிலிருந்து வாதி ஹல்ஃபா வரை போய்த் திரும்புகிறது. அந்தக் கரைகளில் பெரும்பகுதி இப்போது, பின்னர் எழுந்த அஸ்வான் உயர் அணை தேக்கிய நாசர் ஏரிக்கு அடியில் இருக்கிறது. அவ்வணையால் மூழ்கவிருந்த கோயில்களைக் காக்க யுனெஸ்கோ 1960இல் மீட்பு முயற்சியைத் தொடங்கியது. 1964 முதல் 1968 வரை அபு சிம்பலை அறுத்தெடுத்து 65 மீட்டர் மேலே ஏற்றினார்கள். ஃபிலே 1980இல் அகில்கியா தீவில் மறுபடி திறக்கப்பட்டது. கோயில்கள் பிழைத்தன; நுபிய மக்களின் ஊர்கள் பிழைக்கவில்லை. இன்றைய பயணி அபு சிம்பலுக்குப் பெரும்பாலும் விடியுமுன் பேருந்தேறிப் போகிறார். மறுபுறம், வெள்ளம் நின்று நீர்மட்டம் கட்டுக்குள் வந்ததால், அணைக்கு வடக்கே ஆண்டு முழுதும் கப்பல் விட முடிந்தது.

1990களில் தீவிரவாதிகளின் வன்முறை மத்திய எகிப்தின் வழியை அடைத்தது. 1997 நவம்பர் 17 அன்று லக்ஸரின் மேற்குக் கரையிலுள்ள டெயர் எல்-பஹ்ரி கோயிலில் 62 பேர் கொல்லப்பட்டனர். கெய்ரோ–லக்ஸர் நெடும்பயணம் ஏறத்தாழ இருபதாண்டு நின்றுபோக, லக்ஸர்–அஸ்வான் துண்டே ‘நைல் பயணம்’ என்றாகிவிட்டது.

இதனால் நேர்ந்த இழப்பு பெரிது. அந்தத் துண்டில் கப்பல்கள் நிற்கும் எட்ஃபு, கோம் ஓம்போ, எஸ்னா மூன்றும் தாலமி மன்னர், ரோமானியர் காலத்தவை. எட்ஃபு கி.மு. 237இல் தொடங்கப்பட்டது, கீசாவில் கூஃபு மன்னர் எழுப்பிய பிரமிடுக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ 2300 ஆண்டுகள். இவை எளிய கோயில்கள் அல்ல. எஸ்னாவில் அண்மையில் கரி துடைத்த விதானத்தில் விண்மீன் உருவங்கள் நிறத்தோடு வெளிவந்திருக்கின்றன. ஆனால் இருநூறுக்கு மேற்பட்ட மல்லர் இணைகளைத் தீட்டிய பெனி ஹசன் கல்லறைகளும், பழைய தெய்வங்களை ஒதுக்கிய மன்னர் அக்நாத்தன் எழுப்பிய தலைநகர் அமர்னாவும் அந்தத் துண்டை மட்டும் பார்க்கும் பயணியின் கண்ணில் படுவதே இல்லை. லக்ஸரின் புதிய அரசுக் காலச் சின்னங்கள் முன்பின் தொடர்பின்றித் தனித்து நிற்கின்றன.

இந்த இடைவெளியைச் சொல்லால் நிரப்புபவர் வழிகாட்டி. டிராகோமனைப் பணியாளாக நடத்திய பயணிகள் வரலாற்றை ஐரோப்பியக் கையேடுகளிலேயே தேடினார்கள். இன்று கப்பலில் விளக்குபவர் உரிமம் பெற்ற எகிப்தியர், பெரும்பாலும் பட்டதாரி. எகிப்தியல் எகிப்தியருக்கும் கற்பிக்கப்பட வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் போராடிய அகமது கமாலுக்கு இந்த மாற்றத்தில் பெரும் பங்கு உண்டு. நைல் சுற்றுலாவின் வரலாற்றில் மிக நல்ல திருப்பம் இதுவே என்பது என் துணிபு.

2010களில் நெடும்பயணம் மீண்டும் தொடங்கியது, கப்பல்கள் சிலவே. கெய்ரோவிலிருந்து தெற்கே ஏறுபவர் பிரமிடுகளுக்குப்பின் பெனி ஹசனையும் அமர்னாவையும் கண்டு அபிடோஸ் சேர்கிறார். அங்கே முதலாம் சேத்தியின் கோயில் சுவரில் முன்னோரான மன்னரின் 76 பெயர்கள் வரிசையாக உள்ளன. கூஃபுவின் பெயர் அதில் உண்டு. அக்நாத்தனின் பெயர் இல்லை, வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். அமர்னாவின் சிதைவுகளில் நடந்துவிட்டு வருபவருக்கு அதன் காரணத்தை வழிகாட்டி நீட்டி விளக்க வேண்டியிராது.