நாட்காட்டியை வென்ற வெப்பமானி

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் குளிர்காலம் மிகக் கடுமையானது. ஜனவரியில் வெப்பநிலை நீரின் உறைநிலைக்கும் கீழே இறங்கிவிடும். மாசச்சூசெட்ஸ், மெயின் போன்ற மாநிலங்களில் பல வீடுகளின் நிலவறையில் எண்ணெய்த் தொட்டி ஒன்று இருக்கும். அதன் வழக்கமான கொள்ளளவு 275 அமெரிக்கக் காலன். அதாவது சுமார் 1,040 லிட்டர். இந்த எண்ணெயை உலையில் எரித்தே வீட்டைச் சூடாக்குகின்றனர். இன்றும் அந்நாட்டில் ஏறத்தாழ 50 லட்சம் வீடுகள் இவ்வெண்ணெயை நம்பியுள்ளன.

தொட்டி வறண்டால் என்னவாகும்? உலை அணையும், சில மணி நேரத்தில் வீடு குளிர்ந்துவிடும். பிறகு குழாய்களிலுள்ள நீர் உறையத் தொடங்கும். நீர் பனிக்கட்டியாகும்போது பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகுவதால் குழாய்கள் வெடிக்கும். முதியோரும் குழந்தைகளும் உள்ள வீடாயின் உயிருக்கே ஆபத்து.

ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு எண்ணெய் வழங்கும் வணிகர், ஒவ்வொரு தொட்டியையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க இயலாது. பாராமலேயே அது வறளும் நாளை அறிவது எப்படி? இதற்கு இன்று கணிப்பொறி விடை தருகிறது. ஆனால் அவ்விடையின் வேர் கணிப்பொறியினும் பழமையானது.

பயிரிலிருந்து உலைக்கு

1735-இல் பிரெஞ்சு அறிஞர் ரோமர் ஒரு கருத்தை வெளியிட்டார். பயிர் முதிர்வதை நாட்களின் எண்ணிக்கையைவிட, அந்நாட்களின் வெப்பநிலைகளைக் கூட்டி வரும் தொகையே நன்கு காட்டும் என்பது அது. 1878-இல் சர் ரிச்சர்டு ஸ்டிரேச்சி என்பார், ஒரு குறிப்பிட்ட அடிப்படை வெப்பநிலைக்கு மேற்பட்ட வெப்பத்தைக் கணக்கிடும் முறையை வகுத்தார். இவர் இந்தியாவில் பொறியாளராகப் பணியாற்றியவர். சென்னை மாகாணத்தையும் வாட்டிய பெரும் பஞ்சத்தை அடுத்து, அதே 1878-இல் அமைக்கப்பட்ட பஞ்ச ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் இவரே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க எரிவாயுப் பொறியாளர்கள் இக்கணக்கைத் தலைகீழாக்கினர். அடிப்படைக்கு மேல் ஏறும் வெப்பத்தை விடுத்து, கீழே இறங்கும் குளிரைக் கூட்டினர். இதுவே வெப்பமூட்டலுக்கான 'டிகிரி-நாள்'.

இதன் தத்துவம் எளிது. வீடு இழக்கும் வெப்பம், உள்ளும் புறமும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டுக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருக்கும். வெயிலும், சமையலும், விளக்குகளும், மனித உடல்களும் சிறிது வெப்பம் தருவதால், வெளியே சராசரி 65 டிகிரி பாரன்ஹீட் (18.3 டிகிரி செல்சியஸ்) இருந்தால் உலை தேவைப்படாது என்று கொண்டனர். ஒரு நாளின் சராசரி 25 டிகிரி எனில், 65-லிருந்து 25-ஐக் கழிக்க 40. அந்நாளின் கணக்கு 40 டிகிரி-நாள்.

ஒரு வீடு 5 டிகிரி-நாட்களுக்கு ஒரு காலன் எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 200 காலன் செலவாக 1,000 டிகிரி-நாட்கள் வேண்டும். நாளொன்றுக்கு 40 வீதம் சேரும் ஜனவரியில் இதற்கு 25 நாட்கள் போதும். சராசரி 55 டிகிரியாக உள்ள அக்டோபரிலோ 100 நாட்கள் ஆகும். மாதம் ஒருமுறை என்று நாட்காட்டியைப் பார்த்து லாரி அனுப்புவது ஏன் பொருந்தாது என்பது இப்போது விளங்கும்.

இக்கணக்கை வணிகர்கள் முதலில் அட்டைகளில் எழுதி வைத்தனர். பிற்காலத்தில் அட்டைகளின் இடத்தைக் கணிப்பொறி பிடித்தது. இதில் இன்னொரு நயமும் உண்டு. ஒவ்வொரு முறை தொட்டியை நிரப்பும்போதும் எத்தனை காலன் ஏறியது என்பது தெரியும். கழிந்த டிகிரி-நாட்களும் தெரியும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் அவ்வீட்டின் எண் புதிதாகக் கிடைக்கும். ஆக, ஒவ்வொரு நிரப்பலும் ஓர் அளவீடே.

லாரியின் வழி

எந்த வீட்டுக்கு எப்போது என்பது தெரிந்தாலும், எந்த வரிசையில் செல்வது? 10 வீடுகளுக்குச் செல்ல 36,28,800 வரிசைகள் உண்டு. 20 வீடுகளாயின் அது 19 இலக்க எண்!

1959-இல் டான்ட்சிக், ராம்சர் ஆகிய இருவரும் இதை ஒரு கணிதச் சிக்கலாக எழுதினர். அவர்கள் எடுத்துக்காட்டியது பெட்ரோல் நிலையங்களுக்குச் செல்லும் லாரிகளை. 1964-இல் கிளார்க், ரைட் என்போர் எளிய வழி ஒன்றைக் கூறினர். இரு வீடுகளுக்குத் தனித்தனியே சென்று திரும்புவதற்குப் பதிலாக ஒரே பயணத்தில் இரண்டையும் முடித்தால் எவ்வளவு தூரம் மிச்சமாகும்? மிகுதியாக மிச்சமாகும் இணைகளை முதலில் சேர்த்துக்கொண்டே போனால் நல்ல வழி கிடைக்கும். அதுவே மிகச் சிறந்த வழி என்ற உறுதி இல்லை; ஆயினும் விரைவில் கிடைக்கும்.

எப்போது, எவ்வளவு, எந்த வழியில் என்னும் மூன்றையும் ஒன்றாக ஆராயும் முயற்சி 1980களில் வலுப்பெற்றது. திரவ ஆக்சிஜன், நைட்ரஜன் வழங்கும் ஏர் புராடக்ட்ஸ் நிறுவனத்தின் கணிப்பொறித் திட்டம் 1983-இல் வெளியிடப்பட்டு, இத்துறைக்கு முன்மாதிரியாயிற்று.

கணக்குக்கு அப்பால்

1973-இல் எண்ணெய்த் தடை வந்தது; சில மாதங்களில் கச்சா எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. மக்கள் வீட்டினுள் வெப்பநிலையைக் குறைத்துக்கொண்டனர், சுவர்களுக்கு வெப்பக்காப்பிட்டனர். இதனால் வீடுகளின் பழைய எண்கள் பொருந்தாமற் போயின. கடந்த காலத்தைக் கொண்டு கணிக்கும் எந்த நிரலுக்கும் இந்த இடர் உண்டு.

1978 பிப்ரவரியில் வீசிய பனிப்புயலில் பாஸ்டன் நகரில் 27.1 அங்குலப் பனி பொழிந்தது. நெடுஞ்சாலை ஒன்றில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்ட வாகனங்கள் சிக்கின. சாலைகள் சீராகப் பல நாட்களாயின. நம் எடுத்துக்காட்டு வீட்டில் 50 காலன் எஞ்சியிருந்தால் அது ஜனவரிக் குளிரில் ஆறு நாட்களுக்கு வரும். அதற்கு முன் லாரி வர முடியாவிட்டால்? எனவேதான் தொட்டி முழுதும் வறளும்வரை காத்திராமல், சேமிப்பு இருக்கும்போதே லாரியை அனுப்புகின்றனர்.

இன்று தொட்டியின் மட்டத்தைத் தொலைபேசி வலைவழி அறிவிக்கும் கருவிகளும் உள்ளன. ஆயினும் இன்றைய மட்டம் நாளைய செலவைக் கூறாது. அதற்கு டிகிரி-நாள் இன்னும் தேவைப்படுகிறது.

இவ்வளவும் தானாக நிரப்பும் ஏற்பாட்டில் சேர்ந்தவர்களுக்கே. தொட்டி நிறைய வாங்கப் பணமில்லாதவர், எண்ணெய் அடிமட்டத்துக்கு வந்த பின்னரே வணிகரை அழைக்கிறார். அவர் வீட்டின் எண் எந்த அட்டையிலும் இராது. இத்தகையோருக்கு உதவவே 1981-இல் அமெரிக்க அரசு குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கான எரிபொருள் உதவித் திட்டத்தைச் சட்டமாக்கிற்று. தொட்டி எப்போது வறளும் என்பதை வெப்பமானியும் வகுத்தலும் கூறிவிடும். அதை நிரப்பும் செலவை யார் ஏற்பது என்பதைச் சமுதாயமே முடிவு செய்ய வேண்டும்.