எல்லை நடத்தல்: கொங்குப் பகுதி

நிலத்தின் நான்கு பக்கத்தையும் பலர் பார்க்க நடந்து காட்டி, அடையாளமிட்டு, எழுதிவைக்கும் வழக்கமே எல்லை நடத்தல். இதற்குப் பல்லவர் செப்பேடுகளிலேயே சான்று உண்டு. எல்லையை வலம்வந்து கல்லும் கள்ளியும் நட்டதை நந்திவர்மப் பல்லவமல்லனின் 22ஆம் ஆட்சியாண்டுக் காசாக்குடிச் செப்பேடு பதிவுசெய்கிறது. முதலாம் இராசராசன் நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தபோது, நாட்டார் பெண் யானையை ஊர்எல்லையில் நடத்திச் சென்று, கண்டதை ஓலையில் எழுதினர். கோயில் நிலங்களில் கல்லே தன் உடையவரைச் சொல்லும்: சிவன் நிலத்துக்குச் சூலம், பெருமாள் நிலத்துக்கு ஆழி, சமணப் பள்ளி நிலத்துக்கு முக்குடை.

கிழக்கில் தொடங்கித் தெற்கு, மேற்கு, வடக்கு என்று சுற்றி, இன்ன வாய்க்காலுக்கு மேற்கு, இன்ன நிலத்துக்கு வடக்கு என்று எழுதுவது அந்த ஓலைகளின் முறை. திருப்பூர்ப் பத்திரங்களில் அம்முறை இன்னும் உயிரோடிருக்கிறது. பனியன் கம்பெனிக்கு வாங்கும் மனையானாலும், 'இதற்குச் செக்குபந்தி' என்று நான்கெல்லையைச் சொன்ன பிறகே கிழமேலடி, தென்வடலடி வரும். எல்லையும் அளவும் முரண்பட்டால் நீதிமன்றங்கள் பொதுவாக எல்லைக்கே முதன்மை தருகின்றன. நடந்து கண்ட சாட்சிக்கு இன்றும் உள்ள மதிப்பு அது.

காங்கேயம், தாராபுரம் பக்கத்து மேட்டுநிலத்தில் எல்லையைக் காப்பது வேலி. மழைக்காலத்தில் முள்கிளுவைப் போத்துகளை நெருக்கமாக ஊன்றிவிடுவார்கள். அவை வேர்பிடித்து ஆடு நுழையாத அடைப்பாகிவிடும். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்ந்த மேய்ச்சல் நிலம் கொறங்காடு. காங்கேயம் மாடுகள் அதில் மேயும். இரண்டு தோட்டத்து வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரி, வண்டித்தடமாகவும் எல்லையாகவும் இருந்தது. ஏட்டில் ஏறாத பதிவேடு என்றே இவ்வேலிகளைக் கொள்ள வேண்டும். மனைப்பிரிவுக்காகப் பொக்லைன் வைத்து அவற்றைப் பிடுங்கும்போது தலைமுறைகள் ஒப்புக்கொண்ட சாட்சியம் ஒன்று அழிகிறது. அந்த இழப்பை எந்த அலுவலகமும் குறித்துவைப்பதில்லை.

1799இல் கோயம்புத்தூர்ப் பகுதி கிழக்கிந்தியக் கும்பினி வசமானது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சங்கிலி பிடித்து ஒவ்வொரு புலத்தையும் அளந்து எண் கொடுத்தார்கள். 66 அடிச் சங்கிலிக்கு 100 கண்ணி. மரமும் வாய்க்காலும் சொன்னதைப் புலப்படத்தில் கோடுகளும் எண்களும் சொல்லத் தொடங்கின. 1923ஆம் ஆண்டுச் சென்னை நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி, அளவை முடிந்ததென அறிவிக்கப்பட்டால் அந்தப் பதிவே எல்லைக்கு முடிவான சான்று. மாற்ற வேண்டுமானால் மூன்றாண்டுக்குள் உரிமையியல் வழக்குத் தொடர வேண்டும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் பட்டாக்களைப் புதுப்பித்தது. பின்னர் புலப்படங்கள் 'கொலாப்லேண்ட்' மென்பொருளுக்குள் போயின.

திருப்பூர் 2009இல் தனி மாவட்டமானது. காடாகக் கிடந்த புலங்கள் சாயப்பட்டறையும் தையல் யூனிட்டுமாக, ஓர் எண் பல உட்பிரிவுகளாயிற்று. தகராறு வந்தால், எல்லையை அளந்து காட்டக் கோரும் எஃப்-லைன் மனுப் போட்டுக் கட்டணம் கட்டுகிறார்கள். பக்கத்து நிலத்தாருக்கு நோட்டீஸ் போகிறது. குறித்த நாளில் சர்வேயர் பழைய அளவைக்கல் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து அளந்துகொண்டு நடக்கிறார். இரு தரப்பாரும் கூடவே நடக்கிறார்கள்.