முருக்கின் பரம்பலும் மனித உழைப்பும்: வாழைச்சேனையிலிருந்து ஒரு நோக்கு

வாழைச்சேனை வாவிக்கரைக் கிராமங்களில் வேலிக் கதியாலாக நிற்கும் முள்முருக்கை அம்மண்ணுக்கே உரிய மரமாகக் கொள்வது இயல்பு. திருமணத்திற் கன்னிக்காலாக ஊன்றப்படுவதும் அதுவே. 'கலியாண முருங்கை' என்னும் பெயர் இவ்வழக்கின் வழிப்பட்டது. ஆயின், ஒரு மரத்தின் பூர்வீகத்தை வழக்காறுகளை மட்டுங் கொண்டு துணிதல் இயலாது.

லின்னேயசு 1753 இல் 'எரித்திரைனா' எனப் பெயரிட்ட இச்சாதி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் நூற்றுக்கு மேற்பட்ட இனங்களுட் பெரும்பகுதி அமெரிக்கக் கண்டங்களிலும், அடுத்த பகுதி ஆபிரிக்காவிலும் காணப்படுகின்றன. ஆசியாவுக்கும் பசிபிக் தீவுகளுக்கும் உரியவை சிலவே. நமது முள்முருக்கின் விதைகள் கடல்நீரில் மிதக்கவல்லன. கிழக்காபிரிக்கக் கரை முதற் பசிபிக் தீவுகள் வரை அது பரந்திருப்பதற்கு இவ்வியல்பு பெரிதுந் துணைநின்றது.

இச்சாதியின் செம்மலர்கள் பறவைகளால் மகரந்தச்சேர்க்கை பெறுவன. கிளையில் அமர்ந்து தேனுண்ணும் பறவைகளுக்கு ஏற்ற மலர்வடிவமே தொன்மையானது என்றும், பறந்தபடி தேனுண்ணும் ரீங்காரச் சிட்டுகளுக்கேற்ற குழல்வடிவம் அமெரிக்காவிற் பலமுறை தனித்தனியே தோன்றியது என்றும் ஆன் புரூனோ 1997 இல் எடுத்துக்காட்டினார். எனவே தோற்ற ஒப்புமை நெருங்கிய உறவுக்குச் சான்றாகாது. முருக்கு என்னுஞ் சொல் அகராதிகளிற் புரசையுஞ் சுட்டுவதால், பழம்பாடல்களின் மரங்களை இனங்காண முற்படுவோர்க்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

கடல் பரப்பியது ஒருபுறமாக, மூலதனம் பரப்பியது மறுபுறம் உண்டு. 1869 இல் இலங்கையிற் காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழிக்க, தேயிலை அதனிடத்தைப் பெற்றது. அத்தோட்டங்களில் நிழலுக்கும் பசளைக்குமாக இச்சாதியின் வேறோர் இனம் பெருமளவில் நடப்பட்டது. சாவக, மலாய் மொழிகளின் 'டடாப்' என்னும் பெயரே தோட்டத்துரைமாரின் வழக்காயிற்று. வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியங்கள் வளியின் நைதரசனைப் பதித்தன. கிளைகளை வெட்டி மண்ணுக்கு உரமாக்கியது தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் உழைப்பு. மரம் நாட்டுக்குரியதாயிற்று. அத்தொழிலாளரோ 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டனர்.

பூர்வீகம் என்னும் அளவுகோலின் வர்க்கத் தன்மை இங்கு வெளிப்படுகின்றது. இலாபந் தரும் மரத்திடம் எவரும் பூர்வீகம் வினாவவில்லை. உரிமை கோரக்கூடிய உழைப்பாளரிடமே அது வினாவப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் அயலவராக வாழும் வாழைச்சேனை, ஓட்டமாவடிப் பகுதியிலும், முன்னர் வந்தோர் யார் என்னும் வினா மண்ணுரிமைக்கு அளவுகோலாதல் தகாது. நிலமும் வாவியும் யாருடைய உழைப்பாற் பயன் தருகின்றன என்பதே நாம் முதலில் எழுப்பவேண்டிய வினாவாகும்.