செஞ்சிக் கோட்டை

செஞ்சிக் கோட்டை விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள இடைக்கால மலைக்கோட்டை. திண்டிவனத்துக்கு மேற்கே ஏறத்தாழ 28 கி.மீ. தொலைவில், திருவண்ணாமலை செல்லும் நெடுஞ்சாலையின் இருபுறமும் விரிந்து கிடக்கிறது. மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தெற்கே சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் நெடிய மதில் ஒன்று இணைக்கிறது. அந்த மதிலின் நீளம் சுமார் 13 கி.மீ. எனக் கணக்கிடப்படுகிறது. ஐரோப்பாவின் இடைக்கால மலைக்கோட்டைகள் பெரும்பாலும் ஒரே உச்சியில் ஒரு பிரபுவின் குடும்பத்தையும் சிறு படையையும் காத்தவை. செஞ்சியிலோ மூன்று உச்சிகளுக்கு நடுவே ஒரு நகரமே மதிலுக்குள் இருந்தது: அரண்மனை, கோயில், மசூதி, குளம், களஞ்சியம், குதிரை லாயம் எல்லாம் உள்ளேயே.

கோட்டையின் தோற்றத்தைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' என்ற நூலிலிருந்து வருகின்றன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாராயணப் பிள்ளை எழுதியது அது. இடையர் குலத்தைச் சேர்ந்த ஆனந்தக் கோன் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு அரண் எழுப்பியதாகவும், ராஜகிரிக்கு முதலில் ஆனந்தகிரி என்றே பெயர் இருந்ததாகவும் அந்நூல் கூறுகிறது. அவர் வழிவந்த கிருஷ்ணக் கோன் வடக்குக் குன்றை அரணாக்கினாராம். நிகழ்ச்சிகளுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்டதால் இதை வழிவழிச் செய்தியாகக் கொள்வதே பொருந்தும். ஆனால் இந்தப் பகுதியில் மனிதர் குடியிருந்தது அதற்கும் வெகுகாலம் முன்பே. அருகிலுள்ள திருநாதர் குன்றில் சமணத் தீர்த்தங்கரர் இருபத்து நால்வரின் உருவங்கள் பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. சிங்கவரம், மேலச்சேரி ஆகிய ஊர்களில் பல்லவர் காலக் குடைவரைகள் இருக்கின்றன.

செஞ்சி ஒரு பேரரணாக வளர்ந்தது விஜயநகர ஆட்சியிலும், அதன் கீழ் 16ஆம் நூற்றாண்டில் தலையெடுத்த செஞ்சி நாயக்கர்களின் காலத்திலும்தான். நெற்களஞ்சியங்கள், வெங்கடரமணர் கோயில், கல்யாண மகால் ஆகியவை இந்தக் காலத்தோடு இணைத்துப் பேசப்படுகின்றன. கல்யாண மகால் சதுரமான முற்றத்தின் நடுவே அடுக்கடுக்காக எழும் கூம்புக் கோபுரம். அடுக்கு ஒவ்வொன்றிலும் ஒரே அறையும் சுற்றிலும் வளைவுத் தாழ்வாரமும் உண்டு. சுடுமண் குழாய்கள் வழியாக அதற்குத் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. 1597இல் வந்த ஏசு சபைப் பாதிரியார் பிமெண்டா, இந்த நகரத்தின் பரப்பையும் வளத்தையும் வியந்து எழுதினார்.

1649 வாக்கில் பீஜப்பூர் சுல்தானின் படை செஞ்சியைக் கைப்பற்றியது. 1677இல் தெற்கே படையெடுத்து வந்த மராட்டிய மன்னர் சிவாஜி, பெரும்போர் இல்லாமலே பீஜப்பூர் அதிகாரிகளிடமிருந்து கோட்டையைப் பெற்றார். பெற்ற பின் அவர் செய்த பணிதான் பெரிது. மதில்கள் திருத்தப்பட்டன, புதிய அரண்கள் எழுந்தன, அகழி செம்மையானது. மகாராஷ்டிரத்துக்கு ஆபத்து வந்தால் ஒதுங்கி நின்று போரிடத் தெற்கே ஓர் இடம் வேண்டும் என்ற முன்யோசனை இதில் தெரிகிறது.

அந்த ஆபத்து பன்னிரண்டு ஆண்டுகளில் வந்தது. 1689இல் முகலாயப் பேரரசர் ஔரங்கசீப் சிவாஜியின் மூத்த மகன் சம்பாஜியைக் கொன்றார். தலைநகர் ராய்கட்டும் வீழ்ந்தது. இளைய மகன் ராஜாராம் மாறுவேடத்தில் தப்பி, வேலூர் வழியாகச் செஞ்சி வந்து சேர்ந்தார். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் மராட்டிய அரசின் தலைநகராக இருந்தது இந்தத் தமிழ்நாட்டுக் கோட்டையே. ராய்கட்டைப் பிடித்த அதே சுல்பிகர் கான் 1690இல் முகலாயப் படையோடு வந்து முற்றுகையிட்டார். அதே ஆண்டில்தான் செஞ்சியின் மராட்டிய அரசு கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றது. அங்கிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரை நிலம் கம்பெனிக்கு என்பது ஒப்பந்தம். அப்படிப் போன ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன.

முற்றுகை ஏன் இவ்வளவு நீண்டது என்பதைக் கோட்டையின் அமைப்பே விளக்குகிறது. மூன்று குன்றுகளையும் அவற்றின் மதில்களையும் முழுமையாகச் சூழ்ந்து அடைக்க எந்தப் படையாலும் முடியவில்லை. ஏதாவதொரு வாயில் வழியே உணவும் ஆளும் உள்ளே போய்க்கொண்டிருந்தன. வெளியே மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் ஆகியோரின் குதிரைப்படை முகலாயரின் தானிய வண்டிகளை மறித்தது. ஒரு கட்டத்தில் முற்றுகையிட வந்தவர்களே முற்றுகைக்குள் சிக்கிப் பசியில் வாடினார்கள். முகலாயப் பாளையத்துக்குள் இருந்த ஔரங்கசீப்பின் மகன் காம்பக்ஷ் எதிரியுடன் பேசுகிறார் என்ற சந்தேகத்தில் சிறை வைக்கப்பட்டார். கடைசியில் 1698இன் தொடக்கத்தில் கோட்டை வீழ்ந்தபோது ராஜாராம் அங்கே இல்லை, முன்னரே வெளியேறிவிட்டார். கோட்டை கைமாறியது, ஆனால் ராஜாராமைப் பிடிக்கும் நோக்கம் நிறைவேறவில்லை.

பிறகு முகலாயர் சார்பில் புந்தேலர் தலைவர் சுவரூப் சிங் செஞ்சியை ஆண்டார். அவர் மகன் தேஜ் சிங்கே தமிழ் மக்கள் நெஞ்சில் நிலைத்த ராஜா தேசிங்கு. கப்பப் பாக்கி தொடர்பாக ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுடன் மூண்ட பகையில், 1714 அக்டோபரில், சில நூறு குதிரை வீரர்களுடன் பல மடங்கு பெரிய படையை எதிர்த்து அவர் களத்தில் மாண்டார். அப்போது வயது இருபதைச் சற்றே தாண்டியிருந்தது. தன் திருமணத்தை விட்டு ஓடிவந்து தோளோடு தோள் நின்று மடிந்த இஸ்லாமிய நண்பரோடு அவரை இணைத்தே நாட்டுப்பாடல் பாடுகிறது. செஞ்சியை மிகக் குறுகிய காலம் ஆண்ட இந்த இளைஞரைத்தான் தெருக்கூத்தும், 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த படமும் நினைவில் வைத்திருக்கின்றன. உடன்கட்டை ஏறிய அவர் மனைவியின் நினைவாகவே ராணிப்பேட்டைக்கு நவாப் பெயரிட்டார் என்பர்.

1750 செப்டம்பரில் புஸ்ஸியின் தலைமையில் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் கோட்டையைப் பிடித்தது. விடிந்த பின் அதன் அரண்களைக் கண்டு வென்றவர்களே வியந்தார்களாம். வெங்கடரமணர் கோயிலின் தூண்கள் சில புதுச்சேரிக்குக் கொண்டு செல்லப்பட்டன. 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோற்ற பிரெஞ்சுக்காரர், 1761 ஜனவரியில் புதுச்சேரியையும் ஏப்ரலில் செஞ்சியையும் ஆங்கிலேயரிடம் இழந்தனர். 1780இல் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஆங்கிலேயரைத் தோற்கடித்த அதே போர்க்காலத்தில் மைசூரின் ஹைதர் அலியின் படை செஞ்சியையும் எடுத்தது. அந்தப் போர் முடிந்தபின் இங்கே சண்டை இல்லை. மதிலுக்குள் இருந்த நகரமும் காலியானது.

1921இல் கோட்டை பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாயிற்று. இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ 'இந்திய மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள்' என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். கோட்டையைக் கட்டியவர்கள் கோன்கள், நாயக்கர்கள் எனப் பலர் என்பதை இந்தப் பட்டியலின் பெயர் மறைத்துவிடக் கூடாது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியிலிருந்து வருவோர் சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்து, செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம் வழியாக ஒரே நாளில் போய்த் திரும்பலாம். வழியில் செங்கல்பட்டில், ஏரியையும் சதுப்பையும் நம்பி நின்ற தரைக்கோட்டையின் எச்சங்கள் உள்ளன. 1752இல் கிளைவ் பிடித்த கோட்டை அது. இதைப் பார்த்துவிட்டுச் செஞ்சிக்குப் போனால், நீரை அரணாகக் கொண்ட கோட்டைக்கும் பாறையை அரணாகக் கொண்ட கோட்டைக்கும் உள்ள வேறுபாடு நன்றாகப் புரியும்.

ராஜகிரி சுமார் 800 அடி உயரம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். வழியில் கமலக்கண்ணியம்மன் கோயில் இருக்கிறது. உச்சிக்குச் சற்று முன்னால் இயற்கையாகப் பிளந்த ஆழமான பள்ளத்தைப் பாலம் ஒன்றின் வழியே கடக்கிறார்கள். போர்க்காலத்தில் அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் ஒரு சிலரே உச்சியைக் காக்க முடியும். மேலே அரங்கநாதர் கோயில், களஞ்சியம், மணிக்கூண்டு, பீரங்கி, மழைநீர் தேங்கும் சுனைகள் உள்ளன. கிருஷ்ணகிரி உயரம் குறைந்தது, ஏறுவதும் எளிது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். வெயில் காலத்தில் பாறை காயும் முன் ஏறி இறங்கிவிட வேண்டும். மலை மேல் குடிநீர் கிடைக்காததால் கையோடு கொண்டுபோக வேண்டும். குரங்குகள் தின்பண்டப் பைகளைப் பறிக்கும். பிற்பகல் பிந்தி வருவோரை ராஜகிரி ஏற விடுவதில்லை. அவர்கள் அடிவாரத்தில் கல்யாண மகால், சாதத்துல்லா கான் மசூதி, ஆனைக்குளம், வெங்கடரமணர் கோயில் ஆகியவற்றைப் பார்க்கலாம்.