எண்ண மறந்த ஆள்



நம் தர்மபுரிப் பக்கத்து ஊர்களில் விடிய விடிய பாரதக் கூத்து நடக்கும். அரசன் களரிக்கு வருமுன்பே கட்டியங்காரன் வந்துவிடுவான். அவன் அரசனையும் கேலி செய்வான், தன்னையும் கேலி செய்துகொள்வான். ஊர் சிரிக்கும். சிரித்து முடித்த பிறகுதான், அவன் சொன்னது நமக்கும் பொருந்தும் என்று சுருக்கென்று தைக்கும்.

இப்படிச் சிரிக்க வைத்தே சிந்திக்க வைக்கும் கதைகளைத் தமிழில் எழுதியவர் இத்தாலி நாட்டு இயேசு சபைக் குரு ஒருவர். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்னும் வீரமாமுனிவர்தான் அவர். 1680-ஆம் ஆண்டு காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தார். புனித ஞானப்பிரகாசியார் பிறந்ததும் அதே ஊர்தான். 1710-இல் இந்தியா வந்து, மதுரை மிஷனில் பணியாற்றினார். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா ஆலயம் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது.

1726-இல் அவர் தேம்பாவணியைப் பாடினார். நம் சூசையப்பரே அதன் தலைவர். 3,615 பாடல்கள் கொண்ட அந்தக் காப்பியத்துக்கு அடிப்படையாக அமைந்தது ஸ்பெயின் நாட்டு ஆகிரதா ஊரின் கன்னியர் மடத்துத் தாய் மரியா எழுதிய நூல். அது 1670-இல் அச்சானது. ஸ்பெயினில் ஒரு துறவி தியானித்த கதை, இத்தாலியர் ஒருவரின் கையால், தமிழ் வயலும் தாமரைக் குளமும் கொண்ட கதையாக நமக்கு வந்து சேர்ந்தது.

தேம்பாவணி புலவர்களுக்கு உரியது என்றால், பரமார்த்த குரு கதை பாமரருக்கும் உரியது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று குருவுக்கு ஐந்து சீடர்கள். ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைப்பார்கள். ‘சுர்’ரென்ற சத்தம் கேட்டதும், ஆறு விழித்திருக்கிறது என்று பயந்து ஓடுவார்கள். பிறகு அணைந்துபோன அதே கட்டையை வைத்துப் பார்ப்பார்கள். சத்தம் வராது. ஆறு தூங்கிவிட்டது என்று ஓசைப்படாமல் கடப்பார்கள்.

அக்கரை சேர்ந்ததும் தலை எண்ணுவார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணுவான். கணக்கில் ஐந்து பேர்தான் வரும். “ஐயோ, ஒருவனை ஆறு கொண்டுபோய்விட்டதே!” என்று ஒப்பாரி வைப்பார்கள். வழிப்போக்கன் ஒருவன் பணம் பேசிக்கொண்டு, ஆளுக்கு ஓர் அடி முதுகில் போட்டு, பெயரைச் சொல்லச் சொல்லி எண்ணுவான். ஆறு பேரும் இருப்பார்கள்!

இப்படி எண்ணத் தெரியாதவர்களின் கதை இங்கிலாந்திலும் உண்டு. ‘கதவை இழுத்துக்கொண்டு வா’ என்று தாய் சொன்னதும், கதவையே கழற்றித் தூக்கிக்கொண்டு வந்த ஜூஃபா என்ற பையனின் கதையை இத்தாலியின் சிசிலித் தீவில் சொல்வார்கள். பேதைமைக்கு நாடும் இல்லை, மொழியும் இல்லை.

வீரமாமுனிவர் யாரைக் கேலி செய்ய இதை எழுதினார் என்று அறிஞர்கள் பலவாறு சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். காவி உடுத்து, குரு என்று அழைக்கப்பட்டு வாழ்ந்த ஒருவர், ஒரு குருவையே சிரிப்புக்கு உரியவராக்கினார். இதைப் பீடத்தில் நின்று பேசும் நாங்களும் மறக்கக் கூடாது.

தாவீது அரசரிடம் இறைவாக்கினர் நாத்தான் ஓர் ஆட்டுக்குட்டியின் கதையைச் சொன்னார். தாவீது கோபத்தோடு குற்றவாளிக்குத் தீர்ப்பளித்தார். அந்தக் கணக்கில் தன்னைச் சேர்க்க மறந்துவிட்டார். அந்த ஆள் அவரேதான் என்று நாத்தான் சுட்டிக்காட்டிய பிறகே அவர் அழுதார்.

அன்பானவர்களே, வரப்புத் தகராறில் அண்ணன் தம்பியின் குற்றத்தை எண்ணுகிறார். தம்பி அண்ணனின் குற்றத்தை எண்ணுகிறார். மாமியார் மருமகள் குறையையும், மருமகள் மாமியார் குறையையும் எண்ணுகிறார்கள். பங்கு மக்கள் சாமியாரின் குறையை எண்ணுகிறார்கள், சாமியாரும் அப்படியே. எல்லார் கணக்கிலும் ஓர் ஆள் குறைகிறார். அந்த ஆள் யார்?

இன்றிரவு பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர்கள் சிரிக்கட்டும். பிறகு நாம் தூங்கப் போகுமுன், ஆண்டவர் திருமுன் நம்மையும் சேர்த்து ஒருமுறை எண்ணிப் பார்ப்போம்.

இறைவா, பிறர் குறையை எண்ணும் விரலை எங்கள் பக்கமாகவும் திருப்பியருளும். ஆமென்.