60 வயதுக்கு மேல் மலையேறலாமா? ஓரியண்டியரிங் என்றால் என்ன? கிள்ளான் பள்ளத்தாக்கில் எங்கே தொடங்குவது?

"முட்டி வலிக்குதுன்னு சொன்னீங்களே, இப்ப எதுக்கு மலை? பேசாம வீட்டுல இருங்க தாத்தா." பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ, உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு நடந்திருக்கலாம். அக்கறையில்தான் சொல்கிறோம். ஆனால் அவரை வீட்டிலேயே உட்கார வைப்பதிலும் ஆபத்து இருக்கிறது. நடை குறைந்தால் தசை பலம் குறையும். தசை பலம் குறைந்தால் வீட்டுக்குள்ளேயே விழும் வாய்ப்பு கூடும்.

65 வயதைக் கடந்தவர்களும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. அதில் வாரம் 3 நாட்களாவது உடல் சமநிலைக்கும் பலத்துக்குமான பயிற்சி இருக்க வேண்டும். மேடு பள்ளமான காட்டுப்பாதையில் நடப்பது இரண்டுக்குமே உதவும்.

ஆக, "போகலாமா?" என்பதை விட "எங்கே, எப்படி, யாரோடு?" என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஓரியண்டியரிங் என்றால் என்ன?

வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு, காட்டிலோ பூங்காவிலோ குறிக்கப்பட்ட இடங்களை வரிசையாகக் கண்டுபிடிக்கும் விளையாட்டு இது. ஒவ்வோர் இடத்திலும் ஆரஞ்சு, வெள்ளை நிறத்தில் ஒரு சிறிய கொடி தொங்கும். எந்த வழியாகப் போவது என்பது உங்கள் முடிவு. செங்குத்தான குறுக்குவழியா, சுற்றிப் போகும் சமமான பாதையா?

வயதானவர்களுக்கு இது பொருந்துவதற்குக் காரணமும் அதுதான். வேகமாக ஓடிப்போய் வழி தவறும் 20 வயது இளைஞரை, நிதானமாகப் படம் பார்த்து நடக்கும் 65 வயதுக்காரர் முந்திவிடலாம்.

சுவீடன் ராணுவத்தில் தொடங்கிய இந்த விளையாட்டுக்கு 1961-இல் சர்வதேசக் கூட்டமைப்பு உருவானது. 35 வயதைத் தொட்டவர்களுக்கென்று தனியாக உலகப் போட்டி நடக்கிறது. 5 வயதுக்கு ஒரு பிரிவு என்று 90-ஐயும் தாண்டிப் போகிறது அந்தப் பட்டியல். மூத்த பிரிவுகளுக்குத் தூரமும் ஏற்றமும் குறைவு. கண்ணுக்குச் சிரமமில்லாமல் வரைபடமும் பெரிதாக்கித் தரப்படும்.

கோலாலம்பூருக்கு இது புதுசா?

இல்லை. ஓரியண்டியரிங்குக்கு ஒரு தூரத்துச் சொந்தம் இங்கேயே பிறந்தது. 1938-இல் கோலாலம்பூரில் ஆல்பர்ட் ஸ்டீபன் கிஸ்பெர்ட் என்பவரும் நண்பர்களும் 'ஹேஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ்' குழுவைத் தொடங்கினார்கள். ஒருவர் காகிதத் துண்டுகளைப் போட்டுக்கொண்டே முன்னால் போவார். மற்றவர்கள் தடம் தேடி ஓடுவார்கள். இடையிடையே தடம் அறுந்துபோகும். முன்னால் ஓடியவர்கள் தேடிக்கொண்டிருக்க, மெதுவாக வருபவர்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள்.

1950-இல் பதிவான அதன் நோக்கங்களில் ஒன்று சுவாரசியமானது: மூத்த உறுப்பினர்களை, அவர்கள் உணரும் அளவுக்கு வயதானவர்கள் அல்ல என்று நம்ப வைப்பது! இன்று உலகம் முழுவதும் இப்படிப்பட்ட குழுக்கள் இருக்கின்றன.

எங்கே தொடங்கலாம்?

* பெர்டானா தாவரவியல் பூங்கா: பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1888-இல் தொடங்கியது. வரைபடம் பார்த்துப் பழக நல்ல இடம்.
* ஷா ஆலம் தேசியத் தாவரவியல் பூங்கா: கிள்ளான்வாசிகளுக்குப் பக்கம். அகலமான பாதைகளும் உண்டு, காடும் உண்டு.
* புக்கிட் காசிங், பெட்டாலிங் ஜெயா: மலைச் சிவன் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரிந்த இடம்தான். குட்டையான ஏற்றங்கள், கிளை பிரியும் பாதைகள்.
* கெப்போங் 'ஃப்ரிம்' வனப்பூங்கா: ஈயச் சுரங்கத்தால் பாழான நிலத்தில் மனிதர்கள் வளர்த்த காடு. 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்குள்ள கப்பூர் மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு நிற்பதை அண்ணாந்து பாருங்கள்.

புக்கிட் தாபூர் வேண்டாம். படத்தில் அழகாகத் தெரியும் அந்தப் படிகப்பாறை முகட்டில் பலர் விழுந்து இறந்திருக்கிறார்கள். 1,493 மீட்டர் உயர நுவாங் மலையும் முதல் மலையாக இருக்கக்கூடாது. நிரந்தர வனக் காப்பகங்களுக்குள் போக மாநில வனத்துறையின் பெர்மிட் தேவை என்பதையும் மறக்காதீர்கள்.

வரைபடத்தை எப்படிப் படிப்பது?

ஓரியண்டியரிங் வரைபடத்தில் வெள்ளை என்றால் எளிதாக நடக்கக்கூடிய காடு. பச்சை அடர்த்தியாக ஆக, புதரும் அடர்த்தி. மஞ்சள் திறந்தவெளி, நீலம் தண்ணீர். பழுப்பு நிறத்தில் இருப்பவை சம உயரக் கோடுகள். அவை நெருங்கி நெருங்கி இருந்தால் ஏற்றம் செங்குத்து, முட்டிக்கு வேலை அதிகம். 1:10,000 அளவில் 1 சென்டிமீட்டர் என்றால் தரையில் 100 மீட்டர்.

போனில் ஜிபிஎஸ் இருக்கே என்று கேட்கலாம். காட்டுக்குள் சிக்னல் போகும், பேட்டரியும் தீரும். காகிதத்துக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

எவ்வளவு நேரம் ஆகும்?

மலையேறுபவர்கள் பயன்படுத்தும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக 1 மணி நேரம். 3 கிலோமீட்டர் தூரம், 150 மீட்டர் ஏற்றம் என்றால் 51 நிமிடம். இது திடகாத்திரமானவருக்கு, குளிர் நாட்டில். நம் ஊர்ப் புழுக்கத்தில் தாத்தாவோடு போகும்போது இரண்டு மடங்காக வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்

* இதய நோய், நீரிழிவு, ரத்த அழுத்தம் இருந்தால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். மருந்தும், சர்க்கரை குறைந்தால் சாப்பிட இனிப்பும் பையில் இருக்கட்டும்.
* விடிந்ததும் ஏறி, மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். பிற்பகலில் இடி மழை வரலாம். காட்டுக்குள் இருட்டு சீக்கிரம் வரும்.
* முட்டிக்குச் சோதனை இறங்கும்போதுதான். ஊன்றுகோல் உதவும்.
* எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லுங்கள்.
* வழி தவறினால் நின்றுவிடுங்கள். கடைசியாகத் தெரிந்த இடத்தைப் படத்தில் தேடுங்கள். புரியவில்லை என்றால் அங்கேயே இருந்து 999-ஐ அழையுங்கள்.
* நெஞ்சு வலி, தலைசுற்றல், பேச முடியாத அளவுக்கு மூச்சிரைப்பு: எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு உதவி கேளுங்கள்.

கடைசியாக உங்களுக்கு ஒன்று. தாத்தாவைத் தனியாக அனுப்பாதீர்கள், நீங்களும் போங்கள். வேகத்தை அவரே முடிவு செய்யட்டும். வரைபடத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை நீங்கள் தூக்கிக்கொள்ளுங்கள்.