ஊரூர், ஆல்காட் குப்பம், பெசன்ட் நகர்: ஒரு கடற்கரையின் மூன்று பெயர்கள்



சாதியின் வரலாற்றைப் பேசவேண்டுமென்றால் நாம் வழக்கமாகக் கிராமத்துக்குத்தான் போகிறோம். ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம், நடுவில் வயலோ ஓடையோ இருக்கும். மாநகரத்தின் கடற்கரைப் புறநகர் நம் கண்ணில் படுவதேயில்லை. கோடு போட்டுப் பிரித்த மனைகள், எண்ணிட்ட அவென்யூக்கள், மாலையில் காற்று வாங்க வரும் கூட்டம் என்று அது நேற்றுப் பிறந்த, சாதி அறியாத இடம்போல் தோன்றுகிறது. அந்தத் தோற்றத்தை நம்பிவிடாமல் இருக்கத்தான் இந்த நினைவுச் சொற்பொழிவில் சென்னையின் பெசன்ட் நகரை எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். அடையாறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்குத் தெற்கே இருக்கிறது இந்தப் பகுதி. ஆற்றுக்கு வடக்கே சீனிவாசபுரமும் பட்டினப்பாக்கமும், தெற்கே திருவான்மியூர். கோடையில் மணல்திட்டு முகத்துவாரத்தை அடைக்கும்; வடகிழக்குப் பருவமழை வெள்ளம் அதை உடைத்துக்கொண்டு போகும். இரு கரை மீனவர்களும் போய்வர 1967இல் கட்டப்பட்ட பாலத்தை 1977இல் ஆறு கொண்டுபோனது. மிச்சம் இருப்பதைத்தான் இன்று உடைந்த பாலம் என்கிறார்கள். திரைப்படங்களில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். இடிந்தது படப்பிடிப்புக்கு இடமாயிற்று. மீனவர்களுக்கு வேறு பாலம் வரவில்லை.

இந்த மண்ணின் பழைய பெயர் ஊரூர். கடலோரம் மீனவர் குடியிருப்பு, அதை ஒட்டிச் சிற்றூர், தோப்புகள். 1882இல் பிரம்மஞான சபை அடையாற்றின் தென்கரையில் ஹட்லஸ்டன் தோட்டத்தை வாங்கித் தன் தலைமையகத்தை அங்கே மாற்றியது. சபையின் தலைவர் கர்னல் ஆல்காட் அமெரிக்கர். அந்நாட்டின் உள்நாட்டுப் போரில் பணியாற்றியவர். தோட்டத்து மதிலுக்கு வெளியே, எந்தப் பள்ளியிலும் சேர்க்கப்படாத குழந்தைகளை அவர் பார்த்தார். 1894இல் ஊரூரில் அவர்களுக்காக இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பின்னர் சென்னையின் வேறு பகுதிகளிலும் இத்தகைய பள்ளிகள் வந்தன. அவற்றுக்குப் 'பஞ்சமர் பள்ளிகள்' என்று பெயர்.

அந்தப் பெயரை ஏற்காதவர் பண்டிதர் அயோத்திதாசர். வருணத்துக்கு வெளியே ஐந்தாவதாக ஒட்டவைக்கப்பட்டவர்கள் அல்ல நாம், சாதிபேதமற்ற திராவிடர்கள், பூர்வ பௌத்தர்கள் என்பது அவர் வாதம். ஆனால் பெயரில் உடன்படவில்லை என்பதற்காக அவர் ஆல்காட்டை விட்டு விலகிப் போகவில்லை. 1898இல் அவரைச் சந்தித்தார். பஞ்சமர் பள்ளியின் ஆசிரியராக இருந்த கிருஷ்ணசாமியும் உடன் இருந்தார். ஆல்காட்டோடு இருவரும் கொழும்புக்குச் சென்றார்கள். அங்கே சுமங்கல மகாநாயகரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிய அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் தழுவியது 1956இல். அதற்கு 58 ஆண்டுகளுக்கு முன்பே நடந்த இந்தப் பயணத்துக்கான பேச்சு இந்த ஆற்றங்கரையைச் சுற்றித்தான் நடந்தது என்பதை நாம் மறக்கக்கூடாது.

1907இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஆல்காட் மறைந்தார்; அன்னி பெசன்ட் சபையின் தலைவரானார். அதே ஆண்டு ஜூனில் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார்.

பெசன்ட் சாதாரணமானவர் அல்லர். 1888இல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றவர். 1916இல் ஹோம் ரூல் இயக்கம் கண்டவர். 1917இல் காங்கிரசின் தலைவர். அவரே 1909இல் 'இந்தியன் ரிவ்யூ' இதழில் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தாழ்த்தப்பட்ட குழந்தைகளை மற்றக் குழந்தைகளோடு ஒரே பள்ளியில் இப்போது உட்காரவைக்கக்கூடாது என்றார். காரணமாக அவர் சொன்னது உடம்பை. தலைமுறை தலைமுறையாக உண்ட உணவாலும் குடித்த குடியாலும் அவர்கள் உடல் அசுத்தமாகிவிட்டது, அது தூய்மை பெற இன்னும் சில தலைமுறைகள் ஆகும் என்பது அவர் வாதம். 1945இல் வெளிவந்த காங்கிரசும் காந்தியும் குறித்த தம் நூலில் அம்பேத்கர் இந்தக் கட்டுரையை எடுத்துக்காட்டி நம் முன் வைத்தார்.

ஆல்காட் நடத்தியதும் தனிப்பள்ளிதானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மற்றக் கதவுகள் சாத்தப்பட்டிருந்ததால் தனிப்பள்ளி கட்டுவது ஒன்று. அந்தக் கதவுகள் சாத்தியே இருப்பதுதான் சரி என்று எழுதுவது வேறொன்று. முன்னது போதாமை, பின்னது தீண்டாமை. லண்டன் தொழிலாளிப் பெண்ணின் உடம்பில் சுரண்டலின் தழும்பைக் கண்டவருக்குச் சென்னைச் சேரிக் குழந்தையின் உடம்பில் அழுக்குதான் தெரிந்தது. சாதி இப்படித்தான் வேலை செய்கிறது. பிறந்து வளர்ந்த மண்ணை விட்டு வந்தவர்களையும் அது தன் கண்ணால் பார்க்கவைத்துவிடுகிறது.

1970களில் வீட்டுவசதி வாரியம் இங்கே புதிய குடியிருப்பை உருவாக்கியபோது அதற்குப் பெசன்ட் நகர் என்று பெயர் வைத்தார்கள். வேளாங்கண்ணி மாதா ஆலயமும் அஷ்டலட்சுமி கோயிலும் அதே பத்தாண்டில் எழுந்தன. கடற்கரைக்கு எலியட் என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயர் ஏற்கெனவே இருந்தது. 1930இல் கடலில் மூழ்கியவரைக் காப்பாற்றி உயிர்விட்ட ஷ்மித் என்ற டேனிஷ் மாலுமிக்கு மணலில் நினைவுச்சின்னம் இருக்கிறது. பழைய ஊரூரும் ஆல்காட்டின் பெயரும் மட்டும் சேர்ந்து, 'ஊரூர் ஆல்காட் குப்பம்' என்று ஓரத்துக்குப் போயின. அவென்யூவுக்கு ஒரு பெயர், குப்பத்துக்கு ஒரு பெயர். வரைபடமே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். குப்பமும் சேரியும் ஒன்றல்ல. பட்டினவர் சமூகத்தின் வரலாறு வேறு, நம் வரலாறு வேறு. இரண்டுக்கும் இடையிலும் சாதி இருக்கிறது. ஆனால் நகரம் இருவரையும் ஒரே கண்ணால் பார்க்கிறது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அடித்தபின், பாதுகாப்பு என்ற பெயரில் கரையோர மக்களை நகருக்கு வெளியே அனுப்பும் பேச்சு வலுத்தது. கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை கரையோரம் உயர்மட்டச் சாலை போடத் திட்டம் வந்தபோது மீனவர்கள் எதிர்த்து நின்றார்கள். கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் அனுப்பப்பட்ட சேரி மக்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. இந்த இடத்தில் இரு போராட்டங்களும் சேரவேண்டும்.

பெசன்ட் நகரின் பெயரை மாற்றக் கோருகிறோமா? இல்லை. பெயரை அழித்தால் அந்த 1909 கட்டுரையும் சேர்ந்து மறைந்துபோகும். அது யாருக்கு வசதி என்று நமக்குத் தெரியும். கிண்டியில் அயோத்திதாசருக்கு 2023இல் மணிமண்டபம் திறந்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் அவர் வரலாறு மண்டபத்துக்குள் அடைபடக்கூடாது. ஊரூரில் 1894இல் தொடங்கிய பள்ளி இன்றும் ஆல்காட்டின் பெயரோடு நடக்கிறது. அடுத்தமுறை அந்தக் கடற்கரைக்குப் போகும் மாணவர்கள் முதலில் அந்தப் பள்ளிவரை நடந்து போங்கள். நம் பாட்டன் பாட்டிகள் எழுத்தறிவு கேட்டு உட்கார்ந்த தரை அது. அவர்கள் யாரோடு உட்காரலாம் என்று மற்றவர்கள் விவாதித்துக்கொண்டிருந்தபோதே அவர்கள் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் படிப்பின் தொடர்ச்சியாகத்தான் நாம் இன்று இங்கே கூடியிருக்கிறோம்.

ஜெய் பீம்.